அக்கா சொல்லாமல் விட்டது

கல்லூரிக்குப் போவதா வேண்டாமா என்று குழம்பிக்கொண்டிருந்த அக்காவை, முடிவெடுக்க விடாமலேதான் போன வார அத்தியாயத்தில் தூங்க அனுப்பினோம். விடிந்ததும் அவளுக்காக முடிவு செய்தவள் தம்பி மனைவி.

சமையலறைக்குள் வந்து அடுப்பை அணைத்தாள். அக்காவின் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்தாள். உள்ளே போய் அலமாரியைத் துழாவி நல்ல துணியாக ஒன்றை எடுத்துக் கட்டிலில் போட்டாள். பிறகு ஆறு மாத வயிற்றுக்கு மேலே இரண்டு கைகளையும் உயர்த்திச் சைகையில் கேட்டாள்: "அண்ணி, நீங்க வரலைன்னா அவர் யார் வாயால பேசுவார்?"

தம்பிக்குக் காது கேட்காது. அவன் மனைவிக்கும் அப்படியே. அந்த வீட்டில் காது கேட்கிற ஆள் அக்கா ஒருத்திதான். அழைப்பு மணி, குக்கர் விசில், மாடி வீட்டுச் சண்டை எல்லாம் அவளுடைய இலாகா. ஆஸ்பத்திரிக்கும் பேங்குக்கும் தம்பியோடு போய், எதிரே இருப்பவர் பேசுவதை அவனுக்குக் கையாலும், அவன் கையால் சொல்வதை அவர்களுக்கு வாயாலும் சொல்லிச் சொல்லியே அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது.

இப்படிச் சொல்வதற்கென்றே ஊர்க் கல்லூரியில் ஒரு படிப்பு இருக்கிறது. சைகை மொழிபெயர்ப்புப் படிப்பு. அங்கே படித்து வந்தவர்கள் ஆஸ்பத்திரியிலும் கோர்ட்டிலும் பள்ளிக்கூடங்களிலும் வேலை பார்க்கிறார்கள். சேருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், வகுப்பறைகள் கம்ப்யூட்டர் படிப்புக்கு வேண்டும் என்று நிர்வாகம் அதை இழுத்து மூடப் பார்க்கிறது. படிப்பு போனால், அதைத் தொடங்கி இத்தனை வருஷம் நடத்திய பேராசிரியரும் போக வேண்டியதுதான்.

இன்று பகல் கல்லூரியின் ஆட்சிக்குழு கூடுகிறது. பொதுமக்கள் சார்பில் ஒருவர் பேசலாம் என்று அனுமதி. பேசப் போவது தம்பி. ஆனால் துறை மாணவர் ஒருவரும் உள்ளே வரக் கூடாதாம். மொழிபெயர்க்க வீட்டு ஆள் போதுமாம்.

வீட்டு ஆள் என்றால் வேறு யார்?

ஆதரவு திரட்டுவதில் அக்கா ஒன்றும் சளைத்தவள் அல்ல. ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் வேலை. மாத்திரையை எந்த வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்று சொல்லி முடித்ததும், "ஒரு கையெழுத்து போடுங்களேன்" என்று காகிதத்தை நீட்டிவிடுவாள். இருமிக்கொண்டே போட்டவர்கள் உண்டு. இடது கையில் கட்டோடு வந்தவர் வலது கையால் இரண்டு தடவை போட்டார். அதெல்லாம் கவுண்டர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு செய்கிற காரியம். கல்லூரிக்குள் போவது வேறு. அங்கே அவர் இருப்பார்.

பேராசிரியருக்குச் சைகையில் பெயர் வைத்தவன் தம்பிதான். மூக்குக்கண்ணாடியை ஒற்றை விரலால் மேலே தள்ளுவது. அதுவே வீட்டில் நிலைத்துவிட்டது: கண்ணாடி. மொழியியல் பாடம் நடத்த வந்த இளைஞராக, சைகை மொழியைப் பற்றி எழுத வேண்டும் என்று சாயங்காலங்களில் வீட்டுக்கு வந்து தம்பியின் எதிரே உட்காருவார். பள்ளிக்கூடப் பையனைப் போல் தப்பாகச் செய்து, தம்பியிடம் சிரிப்பு வாங்குவார். பிறகு ஒருநாள் வருவது நின்றது. ஏன் நின்றது என்பது தனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்றுதான் அக்கா இதுநாள்வரை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அதற்கப்புறம் அவரை அவள் பக்கத்தில் பார்த்தது, அம்மா போன அன்றைக்கு. வாசலோடு நின்றுவிட்டுப் போனார். ஆனால் பார்க்காமல் இருந்தாள் என்றும் சொல்ல முடியாது. அவரிடம் படித்த பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். 'கொஞ்சம் பொறுங்க' என்று அவர்கள் கை காட்டும்போது சுண்டு விரல் லேசாக உள்ளே மடங்கும். அப்படி மடங்க வேண்டிய அவசியமே இல்லை. அது அவருடைய பழக்கம். சொல்லிக் கொடுத்தவரிடமிருந்து தெரியாமல் ஒட்டிக்கொண்டது. முகம் தெரியாத பிள்ளைகளின் கையில் அந்த மடங்கலைப் பார்க்கிற நாளில், அக்கா மருந்துச் சீட்டை இன்னொரு தடவை படிக்க வேண்டியிருக்கும்.

*

ஐம்பது பேர் வந்தாலே பெரிய விஷயம் என்று எண்ணிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். கல்லூரி வாசல் தொடங்கி பஸ் நிறுத்தம் வரைக்கும் ஆட்கள்.

எல்லாம் தம்பி மனைவி பார்த்த வேலை. பேக்கரியில் வேலை முடிந்து வந்தால் போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு, வீடியோவில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கையால் பேசி மடக்கியிருந்தாள். முடிதிருத்துகிறவர் கடையைப் பூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆடை ஆலைப் பெண்கள் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். கோர்ட்டில் மொழிபெயர்க்கிற பழைய மாணவர் ஒருவர் ஃபைலோடு நின்றார். பதாகைகள் தம்பியின் கைவண்ணம். அவன் கார் ஒர்க்‌ஷாப்பில் பெயின்டர். காருக்கு அடிக்கிற பெயின்டாலேயே எழுதியிருந்ததால் வெயிலில் எழுத்துகள் கண்ணைப் பறித்தன.

பாவம், வாசல் காவலாளிதான் திண்டாடினார். கூட்டம் சத்தம் போட்டால் கலைத்துவிடு என்று அவருக்கு மேலிடத்து உத்தரவு. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சத்தம் மட்டும் இல்லை. கலைப்பதற்கு ஒரு காரணம் கிடைக்காமல் அவர் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். யாரோ தும்மியதும் நம்பிக்கையோடு திரும்பிப் பார்த்தார்.

முன்வரிசையில் நின்ற ஒல்லியான மாணவி அக்காவிடம் வந்தாள். கடைசி வருஷம். ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வந்த பழக்கம். தன்னை உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள் என்ற ஆதங்கத்தைக் கொட்டிவிட்டு, "பயமா இருக்காக்கா?" என்று கேட்டாள்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது, தம்பி பிறந்ததிலிருந்து இதைத்தானே செய்கிறேன் என்றாள் அக்கா.

*

கூட்ட அறையில் நீள மேசைக்குப் பின்னால் குழுவினர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் முதல்வர் அம்மா. அவருக்கு வலப்பக்கம் கறுப்புக் கோட்டு வக்கீல், பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் சரிசெய்துகொள்கிறவர். பார்வையாளர் வரிசையில் தம்பி மனைவி போய் உட்கார்ந்தாள். சுவர் ஓரத்தில் தனி நாற்காலியில் பேராசிரியர்.

காதோரம் நரைத்திருந்தது. கண்ணாடியின் தடிமன் கூடியிருந்தது. அக்காவைப் பார்த்ததும் பாதி எழுந்தார், இடம் நினைவுக்கு வந்தவராக உட்கார்ந்துவிட்டார். அவள் தம்பியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு முழுக்கக் கண்ணாக இருந்தது.

வக்கீல்தான் முதலில் பேசினார். "இதோ, அக்கா வந்திருக்காங்க. தம்பிக்கு வேலை நடக்குது. ஒவ்வொரு வீட்டிலயும் இப்படி ஒருத்தர் இருப்பாங்க. இதுக்குன்னு தனியா ஒரு படிப்பு, ஒரு துறை, ஒரு பேராசிரியர், எதுக்குன்னு நாங்க கேக்கறோம்."

அதையும் அக்கா ஒரு எழுத்து விடாமல் தம்பிக்குக் கையால் சொன்னாள். தம்பி தலையாட்டினான். எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தான்.

தன் வேலையைப் பற்றிச் சொன்னான். மனைவியைப் பற்றி, பிறக்கப் போகிற பிள்ளையைப் பற்றிச் சொன்னான். அக்கா அவனுக்காக 'நான்', 'என் மனைவி' என்று சொல்லிக்கொண்டே வந்தாள். குரல் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் அவன் அம்மாவைப் பற்றிச் சொன்னான்.

அம்மா இந்த வாரம் தாண்ட மாட்டாங்கன்னு டாக்டர் அக்காகிட்ட சொன்னார். அக்கா என்கிட்ட, அம்மா சீக்கிரம் வீட்டுக்கு வந்துடுவாங்கன்னு சொன்னா.

அக்காவுக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. வாய் தானாகப் பேசியது. "அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்போ, அக்காதான் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டா."

மேசைக்குப் பின்னால் ஒன்றிரண்டு பேர் உருக்கமாகத் தலையாட்டினார்கள். முதல்வர் அம்மா அக்காவைப் பார்த்து ஆதரவாகப் புன்னகை செய்தார்.

தம்பியின் கைகள் அந்தரத்தில் நின்றன. சொல்வது போய்ச் சேர்ந்ததா என்று எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு வாழ்ந்தவன் அவன். தான் சொன்னதைக் கேட்டவர்கள் புன்னகை செய்ய முடியாது. அக்காவிடம் திரும்பினான்.

"அக்கா, நீ அதைச் சொல்லலை."

சுவர் ஓரத்தில் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அந்த அறையில் அக்காவைத் தவிரக் கையும் வாயும் இரண்டும் தெரிந்த ஒரே ஆள் அவர். என்ன விடுபட்டது என்று அவருக்குத் தெரியும். ஆனால் தன் வழக்கில் தானே வாய் திறக்கக் கூடாது என்று அவருக்குக் கட்டளை.

தம்பி ஜன்னல் பக்கம் கை நீட்டி ஏதோ கேட்டான். "வேற ஒருத்தர் வந்து சொல்லட்டும்னு கேக்கறான்," என்றாள் அக்கா. 'நான்' போய் 'அவன்' வந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை.

மாணவர்களை விடுவதில்லை என்று முன்பே தீர்மானம் ஆகிவிட்டதே என்றார் வக்கீல். முதல்வர் அம்மாவும், நீங்களே சரியாகத்தானே சொல்கிறீர்கள் என்று அக்காவைக் கேட்டார்.

"இல்லைம்மா," என்றாள் அக்கா. "நான் மாத்திச் சொன்னேன்."

முதல்வர் அம்மா சற்று நேரம் அக்காவையே பார்த்தார். பிறகு வாசலில் நின்ற அலுவலக உதவியாளரைக் கூப்பிட்டு, ஒரு மாணவியை அழைத்து வரச் சொன்னார்.

ஒல்லிப் பெண்தான் வந்தாள். அக்கா அவளுக்கு இடம் விட்டு விலகி, பார்வையாளர் வரிசையில் தம்பி மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தம்பி முதலிலிருந்து சொன்னான். அந்தப் பெண்ணின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"அம்மா இந்த வாரம் தாண்ட மாட்டாங்கன்னு டாக்டர் அக்காகிட்ட சொன்னார். அக்கா என்கிட்ட, வீட்டுக்கு வந்துடுவாங்கன்னு சொன்னா. நான் நம்பி வேலைக்குப் போயிட்டேன். ஒரு காரோட கதவுக்கு ரெண்டாவது கோட் அடிச்சிட்டிருந்தேன், அம்மா போயிட்டாங்க. எனக்கு அக்கா மேல கோபம் இல்லை. அம்மாவைப் பறிகொடுக்கப் போற ஒரு மகள்கிட்ட, அதைத் தம்பிக்கு மொழிபெயர்த்துச் சொல்லுன்னு விட்டது யார்? அன்னைக்கு அவ பக்கத்துல இன்னொருத்தர் இருந்திருந்தா, அக்காவும் என்னோட சேர்ந்து அழுதிருக்கலாம்."

இப்போது யாரும் புன்னகைக்கவில்லை.

அக்கா தம்பியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த சொல்லுக்கு என்ன சொல்வது என்று யோசிக்காமல், அவன் சொல்வதை வெறுமனே பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று பட்டது. இவன் எவ்வளவு அழகாகப் பேசுகிறான் என்று நினைத்தாள்.

அந்த நேரம் தம்பி அவள் பக்கம் திரும்பினான். மாணவி கடமை தவறாமல் அதையும் உரக்கச் சொன்னாள். "இன்னொண்ணு இருக்கு. சொல்லட்டுமா அக்கா?"

குழு முழுக்கத் திரும்பி அக்காவைப் பார்த்தது. எதைக் கேட்கிறான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எப்படித் தெரியும் இவனுக்கு? தம்பி மனைவியின் கை வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷம் அவளுக்குள்ளேயே கிடந்து கனத்த விஷயம். அக்கா சரி என்று தலையை ஆட்டினாள்.

தம்பி சொன்னான். மாணவி வாய் திறந்தவள் நிறுத்தினாள். அவள் கண் தன் ஆசிரியரிடம் போயிற்று. எதையும் கூட்டாதே, எதையும் குறைக்காதே என்று மூன்று வருஷம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். பேராசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சொல் என்பதுபோல் தலையசைத்தார்.

"சார் ஒருநாள் அக்காவைக் கல்யாணம் பண்ணிக்கக் கேட்டார். அம்மா பக்கத்து ரூம்ல இருந்ததால கையாலதான் கேட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே இருந்தேன். எங்க வீட்டுல கையால ரகசியம் பேசினா அது எனக்குத்தான் முதல்ல தெரியும்."

யாரோ சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டார்கள்.

"அக்காவுக்கு இஷ்டம். முகத்துல தெரிஞ்சுது. ஆனா முடியாதுன்னு சொன்னா. ஏன்னு சார் கேட்டார். அக்கா என் பேரைச் சொன்னா. அவனுக்கு டாக்டர்கிட்ட யார் பேசுவா, பேங்க்ல யார் பேசுவா, நான் வந்துட்டா அவன் ஊமையாயிடுவான்னு சொன்னா. சார் அதுக்கப்புறம் எங்க வீட்டுக்கு வரலை. அடுத்த வருஷம் இந்தக் கல்லூரியில இந்தப் படிப்பை ஆரம்பிச்சார்."

அக்கா நிமிர்ந்தாள்.

படிப்பு எந்த வருஷம் தொடங்கியது என்பது அவள் வாங்கிய ஒவ்வொரு கையெழுத்துக் காகிதத்திலும் மேலேயே இருந்தது. எத்தனையோ பேருக்கு அதை விரலால் தொட்டுக் காட்டியிருக்கிறாள். அந்த வருஷத்தையும் தன் வீட்டு ஜன்னலோர அறையையும் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. அவர் மறந்துவிட்டார் என்று நினைத்திருந்தாள். மறந்துவிட்டால் அவருக்கு நல்லது என்றுகூட நினைத்திருந்தாள். அவரோ, அவள் சொன்ன காரணத்தையே எடுத்துக்கொண்டு போய், அந்தக் காரணம் இன்னொருத்திக்கு வராமல் இருக்க ஆட்களைத் தயார் பண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார்.

சுவர் ஓரத்தைப் பார்த்தாள். இந்த முறை அவர்தான் பார்வையைக் கீழே போட்டுக்கொண்டார்.

*

குழு தனியே கூடிப் பேசியது. திரும்பி வந்து முதல்வர் அம்மா முடிவைச் சொன்னார். படிப்பை மூடுவதில்லை, இந்த வருஷச் சேர்க்கை வழக்கம்போல நடக்கும். மாணவி ஜன்னல் அருகே போய்க் கையால் அதைச் சொன்னதும், வெளியே கூட்டம் முழுக்கக் கைதட்டலுக்குச் சைகையாக இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை ஆட்டியது. காவலாளியும் என்ன ஏது என்று தெரியாமல் ஒரு கையைத் தூக்கினார்.

ஆனால் வக்கீல் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "பேராசிரியரே, இந்தக் குடும்பத்தோட உங்களுக்குப் பழக்கம் உண்டுன்னு ஏன் எங்ககிட்ட சொல்லலை? உங்களுக்கு வேண்டிய ஆளைக் கொண்டுவந்து சாட்சி சொல்ல வெச்சிருக்கீங்களே."

"அவரைப் பேச வெச்சது நான் இல்லை. பழக்கம் இருந்தது, விட்டுப்போச்சு," என்றார் பேராசிரியர். எவ்வளவோ காலம் கழித்து அந்தக் குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது. அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது, போதாமலும் இருந்தது.

"இப்போ?"

அவர் கண்ணாடியை ஒற்றை விரலால் மேலே தள்ளினார். "இப்போ என்னன்னு நான் ஒருத்தனா சொல்ல முடியாது."

இது விசாரிக்க வேண்டிய விஷயம் என்றார் வக்கீல். விசாரணை முடியும் வரை துறைப் பொறுப்பில் அவர் இருக்க வேண்டாம் என்று முடிவானது. படிப்பு பிழைத்தது, படிப்பை உண்டாக்கியவர் அந்தரத்தில் நின்றார். அவரை முதல்வர் அறைக்கு அழைத்துப் போனார்கள். அக்காவைக் கடந்து போகும்போது நடையைக் குறைத்தார். நிற்கவில்லை.

தாழ்வாரத்தில் தம்பியின் முகம் சுருங்கியிருந்தது. நான் கெடுத்துவிட்டேனா என்று கேட்டான். இல்லை என்றாள் அக்கா. அம்மா விஷயம் அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

அந்த டாக்டரே ஒருநாள் ஒர்க்‌ஷாப்புக்குக் காரைக் கொண்டுவந்தாராம். அம்மா பிழைக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சும் மனசைத் தேத்திக்கிட்டு வேலைக்கு வந்தீங்களே என்று போனில் எழுதிக் காட்டிப் பாராட்டினாராம்.

"என்ன பண்ணினே?"

"பெயின்ட் அடிச்சுக் கொடுத்தேன்," என்றான் தம்பி. "நல்லாவே அடிச்சேன்."

அக்கா அவனைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரின் கைகளும் மாட்டிக்கொண்டதால் கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. தம்பி மனைவிதான் இடுப்பைப் பிடித்தபடி, பஸ் வந்துவிடும் என்று நினைவுபடுத்தினாள். பிறகு அக்காவைப் பார்த்தாள், மூடியிருந்த முதல்வர் அறைக் கதவைப் பார்த்தாள். நாங்கள் போகிறோம் என்று கணவனை மட்டும் இழுத்துக்கொண்டு நடந்தாள். அவன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

அக்கா மருந்துக் கவுண்டருக்குப் போன் செய்து, மாலை ஷிப்டுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றாள்.

கூட்டம் கலைந்தது. வகுப்பறைகளில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல்கள் கேட்டன; அவருடைய குரல் எது என்று பிரித்தெடுக்க முயன்று நின்றாள். அதில் ஒன்று உயர்ந்தது. அவருடையதில்லை. அவர் எப்போதும் இப்படித்தான், எதிராளி உரக்கப் பேசினால் மெதுவாகப் பேசுவார். அது இன்னும் தனக்கு நினைவிருக்கிறது என்பது அவளுக்கே வியப்பாக இருந்தது.

அலுவலக உதவியாளர் சாவிக்கொத்தோடு வந்தார். கட்டிடத்தைப் பூட்டப் போவதாகவும், வெளியாட்கள் இருக்கக் கூடாது என்றும் தயக்கத்தோடு சொன்னார். சாருடைய சொந்தக்காரர் என்றால் பரவாயில்லை, இருக்கலாம்.

"சாருக்கு நீங்க என்ன வேணும்?"

ஊருக்கெல்லாம் பதில் சொல்லிப் பழகிய வாய். அக்கா கதவைப் பார்த்தாள், உதவியாளரைப் பார்த்தாள்.

"அதை முதல்ல சார்கிட்ட சொல்லணும்," என்றாள். "அவர் வெளியே வரட்டும். அப்புறம் உங்ககிட்டயும் சொல்றேன்."

உதவியாளர் சற்று யோசித்தார். சாவிக்கொத்தைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய், ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அந்தக் கதவுக்கு எதிரே போட்டார்.